கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குள் அரசியல்: டர்பன் அட்மின்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம், டொங்காட், இசிபிங்கோ என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கோயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, தமிழ்ப் பள்ளிக்கு ஒன்று, ஈமச்சடங்கு நிதிச் சங்கத்துக்கு ஒன்று. காவடி நேரம், கூழ் ஊற்றும் நாள், மரண அறிவிப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. தேர்தல் நெருங்கினால் கட்சிப் பேச்சும் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் சட்டப்படி 2026 நவம்பர் 2க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையில் நடந்தாக வேண்டும். அந்தக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கான பக்கம் இது. மெனுப் பெயர்களை ஆங்கில வாட்ஸ்அப்பில் உள்ளபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். இங்கே பெரும்பாலோர் போனில் அதுதான் இருக்கிறது.

“அரசியல் கூடாது” என்று ஒரே விதி போட்டுவிட்டால் போதாதா?

போதாது. ஐந்து நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை, குப்பை லாரி வரவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். அது அரசியலா, இல்லையா? டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியின் 111 வார்டுகளில் எதில் இருந்தாலும் அதைக் கவுன்சிலரிடம்தான் கொண்டுபோக வேண்டும். கவுன்சிலர் பெயர் வந்ததும் பின்னாலேயே கட்சி வந்துவிடும். எல்லாவற்றையும் தடுத்தால் கோபக்காரர்கள் நாலு பேர் தனிக் குழு தொடங்குவார்கள். அங்கே அவர்களைத் தட்டிக் கேட்க ஒரு பெரியவர்கூட இருக்க மாட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

பேசட்டும், ஆனால் செய்தி பரவும் வேகத்தைக் குறையுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. கீழே உள்ள விதிகளைக் குழுவின் ‘டிஸ்கிரிப்ஷன்’ பகுதியில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்:

“கட்சி விளம்பரம், சின்னம் போட்ட படம் வேண்டாம். வேறிடத்திலிருந்து வந்ததைப் போட்டால் எங்கே, எப்போது, யார் நேரில் பார்த்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதவும். அந்த வரி இல்லாதது அழிக்கப்படும். இனத்தைச் சொல்லித் திட்டினால் எச்சரிக்கை இல்லாமல் நீக்கம். இரவு 9 முதல் காலை 6 வரை அட்மின் மட்டுமே எழுதலாம்.”

இவற்றில் அதிகம் வேலை செய்வது இரண்டாவது. ஒரு வரி எழுத உட்கார்ந்ததும், தனக்கு அது எங்கே நடந்தது என்றே தெரியாது என்பது அனுப்பியவருக்குப் புரிந்துவிடும். பாதிப் பேர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள்.

அறிவிப்பையும் அரட்டையையும் எப்படிப் பிரிப்பது?

குழுப் பெயரைத் தொட்டு, ‘குரூப் பர்மிஷன்ஸ்’ போய், ‘சென்ட் நியூ மெசேஜஸ்’ என்பதை நிறுத்தினால் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். இதை அறிவிப்புக் குழுவாக வையுங்கள். அரட்டைக்கு இன்னொரு குழு தொடங்கி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரும்படி அதன் லிங்கை அறிவிப்புக் குழுவில் போடுங்கள். யாரையும் நீங்களாக இழுத்துச் சேர்க்க வேண்டாம்.

இரண்டையும் ஒரே ‘கம்யூனிட்டி’க்குள் கொண்டுவந்தால் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் ஒருவரின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். 1,024 பேர் வரை சேரக்கூடிய குழுவில் இது சின்ன விஷயமில்லை.

‘அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்’ கட்டாயம் இயக்கத்தில் இருக்கட்டும். லிங்க் வெளியே போனால் ‘ரீசெட் லிங்க்’ அழுத்துங்கள், பழையது செல்லாது. அட்மின் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவரே என்றால் அவர் புரட்டாசி பூஜையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சண்டை வெடிக்கும். மூவரும் ஒரே குடும்பமாக இருந்தாலும் சிக்கல்தான்.

இரவில் தானாகப் பூட்டிக்கொள்ளுமா?

பூட்டாது. மேலே சொன்ன அதே அமைப்பைக் கையால்தான் மாற்ற வேண்டும். போனில் 9 மணிக்கும் 6 மணிக்கும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

“என் கஸின் போலீஸில் இருக்கிறார்” என்று தொடங்கும் வாய்ஸ் நோட் வந்தால்?

இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. குவாசுலு-நடால், கௌடெங் மாகாணங்களில் 350க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வாய்ஸ் நோட்டுகள் இந்தியர், கறுப்பினத்தவர் என இரு பக்கமும் பயத்தைக் கிளப்பின.

இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “அவசரம்! என் கஸின் போலீஸில் இருக்கிறார். இன்று ராத்திரி இரண்டு டாக்ஸி நிறைய ஆட்கள் நம்ம பக்கம் வருகிறார்கள். கேட்டைப் பூட்டுங்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்.”

பிரித்துப் பாருங்கள். ‘இன்று’ என்றால் எந்த இன்று? வாய்ஸ் நோட்டைப் பதிவு செய்த தேதி உங்களுக்குத் தெரியாது. உங்கள் கைக்கு வந்த நேரம்தான் திரையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவும் இன்றைய தேதியோடுதான் வரும். ‘நம்ம பக்கம்’ என்பது சாட்ஸ்வொர்த்துக்கும் பொருந்தும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவுக்கும் பொருந்தும். கஸினுக்குப் பெயர் இல்லை, ஸ்டேஷன் இல்லை. தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசி வாக்கியம் மட்டும் மிகத் தெளிவாக இருக்கிறது: எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

செய்ய வேண்டியது: முதலில் குழுவைப் பூட்டுங்கள். போட்டவருக்குப் போன் செய்யுங்கள், டைப் அடிக்க வேண்டாம். “உங்களுக்கு யார் அனுப்பியது? அவருக்கு யார்?” என்று கேளுங்கள், இரண்டாவது ஆளிலேயே சங்கிலி அறுந்துவிடும். உங்கள் ஸ்டேஷனின் நேரடி எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள், அவசர நேரத்தில் போலீஸின் பொது எண் 10111 எளிதில் கிடைக்காமல் போகலாம். பிறகு குழுவில் இப்படி எழுதுங்கள்:

“8:40க்கு வந்த வாய்ஸ் நோட்டை அழித்திருக்கிறோம். ஸ்டேஷனில் கேட்டோம், அப்படித் தகவல் இல்லை என்றார்கள். நேரில் ஏதாவது பார்த்தவர்கள் தெருப் பெயரோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த தகவல் 9:30க்கு.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த தகவல் எப்போது என்று தெரிந்தால் ஆட்கள் அதுவரை காத்திருப்பார்கள். தெரியாவிட்டால் வேறு குழுக்களில் தேடப் போய்ப் புதிதாக நாலு வதந்தியோடு திரும்பி வருவார்கள். 9:30க்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் “புதிதாக ஒன்றும் இல்லை” என்றாவது எழுதுங்கள்.

அழித்தால் எல்லார் போனிலிருந்தும் போய்விடுமா?

குழுவிலிருந்து போய்விடும், அந்த இடத்தில் அட்மின் அழித்தார் என்று உங்கள் பெயரோடு ஒரு வரி நிற்கும். ஆனால் ஏற்கெனவே கேலரியில் சேமிக்கப்பட்ட படமும் வீடியோவும் அங்கேயே இருக்கலாம். அதனால் அழித்ததோடு நிற்காமல் ஏன் அழித்தோம் என்றும் ஒரு வரி எழுதுவது நல்லது. தாமதிக்கவும் கூடாது: தான் அனுப்பியதை எல்லாருக்கும் அழிக்க ஒருவருக்கு இரண்டு நாளும் சில மணி நேரமும்தான் அவகாசம். திருத்துவதற்கு 15 நிமிடம்.

வீடியோ உண்மையா என்று போனிலேயே எப்படிப் பார்ப்பது?

வீடியோவை ஓடவிட்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தொடக்கம், நடு, கட்டடமோ பலகையோ தெளிவாகத் தெரியும் இடம். ஒவ்வொன்றையும் படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் கொடுங்கள். அதே காட்சி பழைய தேதியில் வேறு ஊர்ப் பெயரோடு வந்தால் முடிந்தது கதை. ஒரே படத்தோடு தேடினால் தவறவிடுவீர்கள்; கூட்டத்தின் நடுவே எடுத்த மங்கலான காட்சி லென்ஸுக்கு ஒன்றும் சொல்லாது.

லென்ஸ் கைவிட்டால் கண்ணால் பாருங்கள். வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகின்றன? நம் நாட்டில் இடது பக்கம். நம்பர் பிளேட் என்ன? பழைய டர்பன் வண்டி ‘என்டி’ என்று தொடங்கும், குவாசுலு-நடாலின் புதிய வரிசை ‘இசட்என்’ என்று முடியும், கௌடெங் வண்டிக்கு முடிவில் ‘ஜிபி’. கடைப் பலகையில் என்ன மொழி? ஜூலையில் எடுத்தது என்கிறார்கள், எல்லாரும் அரைக்கை சட்டையில் வேர்த்துக் கொட்டுகிறார்கள் என்றால் சந்தேகப்படலாம். டர்பன் குளிரை நம்பி இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜோகன்னஸ்பர்க் வீடியோவுக்கு இது நன்றாகவே உதவும்.

மேலே ‘ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்’ என்று இரட்டை அம்பு இருந்தால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் அம்பு இல்லை என்பதால் புதியது என்று நினைக்க வேண்டாம். போனில் சேமித்துத் திரும்ப ஏற்றினால் அம்பு மறைந்துவிடும். எழுத்தாக இருந்தால் காப்பி, பேஸ்ட் போதும்.

உங்களால் முடியாவிட்டால், செய்திகளைச் சரிபார்க்க 2012இல் தொடங்கிய ‘ஆப்ரிக்கா செக்’ தளத்தில் அந்தச் செய்தி ஏற்கெனவே அலசப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். தேர்தல் பொய்ச் செய்திகளை ‘ரியல்411’ தளத்தில் புகாராகவும் கொடுக்கலாம்.

ஏஐ வீடியோவைக் கண்டுபிடிக்க விரலை எண்ணினால் போதுமா?

அது பழைய காலம். இப்போது விரல் சரியாகவே வருகிறது. 2024 தேர்தலுக்கு முன் டொனால்ட் டிரம்ப், ஜேக்கப் ஜூமாவின் எம்.கே. கட்சியை ஆதரிப்பதுபோல் ஒரு போலி வீடியோ பரவியது. அதை மடக்க நுணுக்கமான கருவி எதுவும் தேவையில்லை. அமெரிக்கத் தலைவர் ஒருவர் அப்படிப் பேசியிருந்தால் எல்லாச் செய்தி நிறுவனமும் அன்றே போட்டிருக்கும். ஒன்றிலும் இல்லை என்பதே பதில். உதட்டையும் நிழலையும் ஆராய்வதற்கு முன் “இது வேறு எங்கே வந்திருக்கிறது?” என்று பாருங்கள்.

குரல் மட்டும் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தெரிந்தவர் குரலில் பணம் கேட்டு வந்தால், பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

செய்தியில் பாதி உண்மை இருந்தால் என்ன செய்வது?

இதுதான் கடினம். பிரீபெய்ட் மின்மீட்டர் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 24க்குள் மீட்டரைப் புதுப்பிக்காவிட்டால் “உள்ளே இருக்கும் யூனிட் எல்லாம் போய்விடும்” என்று ஒரு பேச்சு. கெடு தேதி உண்மை. 20 இலக்க டோக்கன் (மீட்டரில் அழுத்தும் எண்) இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும் என்பதும் உண்மை. உள்ளே ஏற்கெனவே ஏற்றிய யூனிட் போய்விடும் என்பது பொய். புதிய டோக்கனைத்தான் மீட்டர் ஏற்காது. வாங்கிவிட்டு அழுத்தாமல் வைத்திருந்த பழைய டோக்கன்கள் வீணாகும் என்பதோ உண்மை.

இப்படிப்பட்ட செய்தியை “ஃபேக்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால், கெடுவையும் சேர்த்து ஒதுக்கியவர் ஒருநாள் இருட்டில் உட்கார்ந்திருப்பார். அழிக்க வேண்டாம். அதற்கு ரிப்ளை செய்து எது சரி, எது தவறு என்று வரி வரியாக எழுதுங்கள். தவறை நீட்டி முழக்காமல் சரியானதை முதலில் வையுங்கள். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

யாரோ போட்டதற்கு அட்மினைப் பிடிப்பார்களா?

2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சைபர்கிரைம்ஸ் சட்டத்தில் அட்மின் என்ற பதவிக்காகவே தண்டிக்கும் பிரிவு இல்லை. வன்முறையையோ சொத்துச் சேதத்தையோ தூண்டும் செய்தி, ஆளை மிரட்டும் செய்தி, அனுமதியில்லாமல் அந்தரங்கப் படம் ஆகியவற்றை அனுப்புகிறவருக்கு அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் தெரிந்தே விட்டுவைத்தால் நிலைமை வேறு. 2013இல் பிரிட்டோரியாவில் உயர் நீதிமன்றம் ஓர் அவதூறு வழக்கில், பேஸ்புக் பதிவை எழுதாமல், அதில் தன் பெயர் டேக் செய்யப்பட்டதைத் தெரிந்தும் அப்படியே விட்டவரையும் பொறுப்பாளி ஆக்கியது. இழப்பீடு 40,000 ராண்ட். வாட்ஸ்அப் அட்மின் பற்றிய வழக்கு அன்று அது. என்றாலும் பார்த்த பிறகு சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிலிருந்து ஒரு குறிப்பு கிடைக்கிறது. பார்த்ததும் அழித்து, அழித்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

“ஃபார்வர்டட் அஸ் ரிசீவ்ட்” என்று அடியில் போட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. அவதூறு வழக்கில் கைமாற்றி அனுப்புவதும் வெளியிடுவதுதான். இனவெறுப்புப் பேச்சுக்குச் சமத்துவ நீதிமன்றம் தனியாக இருக்கிறது. 2016இல் குவாசுலு-நடாலில் ஒரே ஒரு பேஸ்புக் பதிவுக்காக 150,000 ராண்ட் கட்டச் சொன்னார்கள். “நண்பர்களுக்குள் சொன்னது” என்பதும் உங்களைக் காப்பாற்றாது, 300 பேர் உள்ள குழுவில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவர் போதும்.

ஒரு கட்சி உறுப்பினர் பட்டியலைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. பாப்பியா என்று இங்கே சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி மத நம்பிக்கை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். கோயில் தன் உறுப்பினர் விவரத்தை வைத்திருக்கலாம். அவரவர் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குக் கொடுக்க முடியாது. கோயில் உறுப்பினர் என்றாலே மதம் தெரிந்துவிடுகிறது அல்லவா? கமிட்டித் தலைவரின் மைத்துனர்தான் வேட்பாளர் என்றாலும் இதுதான் பதில். குழுவில் சேர்ந்துகொண்டு அவரே எண்களை எடுப்பதையும் தடுக்க வேண்டும். கம்யூனிட்டி அமைப்பு உதவுவது இங்கேதான்.

கோயில் குழுவிலேயே ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டால்?

வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாக உங்கள் கோயில் வருமான வரித் துறையில் பதிவாகியிருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட அமைப்பு தன் வளங்களை எந்தக் கட்சியையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. கோயில் பெயரில், கோயில் போனில், கோயில் டேட்டாவில் நடக்கும் அறிவிப்புக் குழு வளம் இல்லை என்று வாதாடிப் பார்க்கலாம். வரிவிலக்கைப் பணயம் வைத்து அந்த வாதம் தேவையா என்று கமிட்டி யோசிக்கட்டும்.

காவடிக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருவார்கள், மாலை போடுவோம், அது வழக்கம். படம் போடுவதானால் வந்த எல்லாரையும் போடுங்கள், அல்லது யாரையும் போடாதீர்கள். தலைப்பில் கட்சிப் பெயர் வேண்டாம்.

வாக்களிப்பது பற்றிய தகவலைப் போடலாமா?

தாராளமாக. கட்சி சாராத தகவலுக்குத் தடை இல்லை, பெரியவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அறிய ஐடி எண்ணை 32810க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம், கட்டணம் 1 ராண்ட். தேர்தல் ஆணையத்தின் இலவச எண் 0800 11 8000. ஈதெக்வினியில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு வாக்குச்சீட்டு: வார்டு வேட்பாளருக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்பதில்லை. இது பலருக்குத் தெரியவில்லை.

குறியிட்ட வாக்குச்சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுவது குற்றம். பேரப்பிள்ளைகள் முதல் ஓட்டு என்ற உற்சாகத்தில் செய்துவிடுகிறார்கள், முந்தின நாளே நினைவூட்டுங்கள். மை வைத்த கட்டைவிரல் படம் போதும்.

குழுவில் கருத்துக்கணிப்பு நடத்தலாமா?

பிரசாதம் பற்றி என்றால் நடத்துங்கள். கட்சி பற்றி வேண்டாம். வாட்ஸ்அப் ‘போல்’ இல் யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் பெயரோடு தெரியும்.

தவறான செய்தி போட்டவர் வயதில் பெரியவர். எப்படிச் சொல்வது?

குழுவில் சொல்லாதீர்கள். ஆயாவை 300 பேர் முன்னால் திருத்தினால், அடுத்த தடவை செய்தி பொய்யாக இருந்தாலும் குடும்பமே ஆயா பக்கம் நிற்கும். முதலில் செய்தியை அழித்துவிட்டு உடனே போன் செய்யுங்கள். “ஆயா, நீங்க போட்டது பழைய வீடியோன்னு சொல்றாங்க, நான் எடுத்துட்டேன். உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவங்களுக்கும் சொல்லிடலாம்” என்றால் போதும். பழி அனுப்பியவர் மேல் போகிறது, ஆயாவுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறது. பல நேரம் அவரே அந்த மூலத்தைக் கண்டிப்பார். அவர் கண்டிப்பது உங்கள் விதியைவிட நன்றாகவே வேலை செய்யும்.

மூன்றாவது தடவையும் தொடர்ந்தால், வயது பார்க்காமல், அறிவிப்புக் குழுவில் மட்டும் வைத்துக்கொண்டு அரட்டைக் குழுவிலிருந்து எடுங்கள். எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இளைஞர்களுக்கும் இதே கணக்கு.

போன் நிறைந்துவிட்டது, டேட்டா ஓடிவிடுகிறது என்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள்: 16 எம்பி வீடியோ ஒன்றை 300 பேர் இறக்கினால் 4,800 எம்பி. அந்தக் காசு குழுவில் உள்ளவர்களின் ஏர்டைம். ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ போய், ‘மீடியா ஆட்டோ-டவுன்லோட்’ என்பதில் மொபைல் டேட்டாவுக்கு நேரே எல்லா டிக்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ உள்ளே, பலமுறை ஃபார்வர்ட் ஆனவை தனியாகவும் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் அடுக்கியிருக்கும். முதலில் ஃபார்வர்டுகளை அழியுங்கள், பேத்தியின் பிறந்தநாள் படம் அதில் மாட்டாது. ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்தினால் குழுப் படங்கள் கேலரிக்குப் போகாது. ஆட்டோ-டவுன்லோட் நின்றதுமே பொய் வீடியோ பார்க்கிறவர்கள் எண்ணிக்கையும் குறையும்; தொட்டுத்தான் இறக்க வேண்டும் என்றால் பலர் தொட மாட்டார்கள்.

தாத்தாவுக்கு என்ன போன் வாங்கலாம்?

மாடல் பெயர் சொல்ல மாட்டோம், ஆறு மாதத்தில் மாறிவிடும். சேமிப்பிடம் 128 ஜிபி, ரேம் 4 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 4ஜி கட்டாயம்: 2ஜி, 3ஜி சேவைகளை 2027 இறுதிக்குள் நிறுத்துவது அரசின் திட்டம். 2ஜி, 3ஜி மட்டுமே உள்ள பட்டன் போனைப் புதிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பழைய ஸ்மார்ட்போன் கொடுப்பதானால் ஆண்ட்ராய்ட் 5.0க்குக் கீழே, ஐஓஎஸ் 15.1க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது. 2,500 ராண்டுக்குக் கீழ்ப்பட்ட ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவீத ஆடம்பர வரி 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. கடைக்காரர் அதைக் குறைத்தாரா என்று கேட்கலாம்.

வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வந்தால் பழுதுபார்ப்பு, மாற்றுப் போன், பணம் மூன்றில் எது என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவு. “ரிப்பேர் மட்டும்தான்” என்று கவுண்டரில் சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்ததற்கு இது செல்லாது.

தமிழில் எழுதினால் யாருக்காவது புரியுமா?

அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. குழுவில் தமிழ் எழுத்தைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. மரண அறிவிப்பு, விழா நாள், அவசரச் செய்தி மூன்றுக்கும் தமிழ் ஒரு வரி, கீழே ஆங்கிலம் ஒரு வரி என்று போடுங்கள். ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழ் சேர்க்கும்போது ‘ஏபிசி’ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழைப் பெறலாம். சண்டை நேரத்தில் மட்டும் பெரியவர்கள் தமிழுக்கு மாறுவார்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஓர் அட்மின் கட்டாயம் வேண்டும்.

உறுப்பினர் கணக்கு திருடப்பட்டு, அதிலிருந்து பணம் கேட்டு வருகிறது.

முதல் வேலை: அந்த எண்ணைக் குழுவிலிருந்து நீக்குங்கள், பிறகு எல்லாருக்கும் சொல்லுங்கள். வரிசை மாறினால் திருடன் உங்கள் எச்சரிக்கையையும் படிப்பான். கணக்குக்காரர் வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவி, தன் எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணை அடித்தால் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் கட்ட ரகசிய எண் போட்டிருந்தால் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அதற்குள் அவனாலும் எழுத முடியாது. எஸ்எம்எஸ்ஸே வராமல் சிக்னலும் போயிருந்தால் அது சிம் ஸ்வாப், அதாவது திருடன் அந்த எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டான். வேறு போனிலிருந்து முதலில் வங்கிக்கும் பிறகு நெட்வொர்க்குக்கும் அழையுங்கள். எல்லா அட்மினும் ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ இன்றே போட்டுவிடுங்கள்.

கருத்து மோதல் மிரட்டலாக மாறிவிட்டது. என்ன சேமித்து வைக்க வேண்டும்?

அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், அதில் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அந்தப் பெயரைத் தொட்டு எண் வரும் பக்கத்தையும் எடுங்கள். பிறகு மூன்று புள்ளி மெனுவில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ மூலம் முழு உரையாடலையும் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவஸி’ இயக்கத்தில் இருந்தால் இது வேலை செய்யாது, முதலில் அதை நிறுத்த வேண்டும். வாய்ஸ் நோட்டைத் தனியாகச் சேமியுங்கள்.

மிரட்டப்பட்டவர் போலீஸில் புகார் கொடுத்து கேஸ் எண் வாங்கலாம். அதோடு 2011ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வக்கீல் இல்லாமலே படிவம் நிரப்பலாம், வாட்ஸ்அப் செய்திகளும் அதில் அடங்கும். அட்மின் செய்ய வேண்டியது, ஸ்கிரீன்ஷாட்டை அவருக்குத் தனியாகக் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவே போவது. அதைக் குழுவில் மறுபடி போட வேண்டாம்.

நீக்கியவரைத் திரும்பச் சேர்க்கலாமா?

ஒரு மாதம் கழித்து அவரே கேட்டால் சேர்க்கலாம். மூன்று அட்மினில் இருவர் ஒப்புக்கொண்டால் போதும். அவர் தானாக வெளியேறியவர் என்றால் அது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பாக வரும். யார் போனார் என்று அரட்டைக் குழுவில் அறிவிக்காதீர்கள். காவடி நாளில் அவரை எப்படியும் சந்திப்பீர்கள்.